திகதி இருந்தது, நேரம் இல்லை: முதியோர் இல்லமொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் முதியவர், அவருடைய குடும்பம், இல்லம் எதற்கும் பெயர் தரவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளையும் நடந்தவற்றின் வரிசையையும் மாற்றவில்லை. பிசகியதில் என் பங்கும் உண்டு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

பின்னணி

நான் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். பிற்பகல் ஒரு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை கொழும்பில் தனியார் மருத்துவமனையொன்றில் நிரந்தர வேலை. காலைகளில், கூப்பிட்டால் மட்டும், முதியோர் இல்லங்களுக்குப் போகிறேன். அமெரிக்காவில் இப்படி வேலை செய்பவர்களைப் பி.ஆர்.என். என்கிறார்கள். மருந்துச்சீட்டில் ‘தேவைப்படும்போது’ என்பதற்கு எழுதப்படும் இலத்தீன் சுருக்கம் அது. வலி வந்தால் போடும் குளிசைக்கும் ஆளுக்கும் ஒரே பெயர். கொழும்பில் எங்களுக்கு அந்தப் பெயரும் இல்லை. “மிஸ், இந்தக் கிழமை வர முடியுமா?” என்று ஓர் அழைப்பு வரும். நியமனக் கடிதம் அதுதான்.

இந்த இல்லம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. பழைய இரண்டு மாடி வீடு. பதினெட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். பெரும்பாலானோர் தமிழர், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும். முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட்ட இடம்தான். இல்லத்துக்குப் பொறுப்பாக ஒரு மேற்றன், பகலுக்கும் இரவுக்கும் ஒவ்வொரு தாதி, ஐந்து பணிப்பெண்கள். வைத்தியர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். இயன்மருத்துவம் இல்லத்தின் கட்டணத்தில் சேராது. தேவைப்படும் குடும்பம் தனியாகக் காசு கட்டும். எனக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

அங்கே நெடுநாளாக வந்துகொண்டிருந்த இயன்மருத்துவர் ஆறு கிழமை விடுமுறையில் போனார். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை, நான்கு பேரைப் பார்க்கும்படி என்னைக் கேட்டார்கள். கைமாற்றமாகக் கிடைத்தது ஒரு கோப்பு. அவருடைய தொலைபேசி எண்ணையும் மேற்றன் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அதை நான் கைப்பையில் போட்டேன். போட்டதோடு சரி.

இந்த ஆய்வுக்குரியவர் அந்த நால்வரில் மூன்றாமவர். வயது 79. யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தவர். கணவர் இல்லை, ஒரே மகன் ரொறன்ரோவில். மார்ச் மாதத்தில் விழுந்து இடது தொடையெலும்பின் கழுத்து முறிந்து, அரை மூட்டு மாற்றச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. டயக்னோசிஸ் கார்ட் என்று எல்லோரும் சொல்லும் வெளியேற்ற அட்டையில், மூட்டின் பின்புறத்தால் சத்திரசிகிச்சை செய்ததாக எழுதியிருந்தது. பின்புறத்தால் செய்தவர்களுக்குத் தடைகள் உண்டு: இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உட்பக்கம் திருப்பக் கூடாது. இருபது வருடமாக உயர் குருதியமுக்கம். நீரிழிவு இல்லை.

நான் முதன்முதலாகப் பார்த்தபோது சத்திரசிகிச்சை முடிந்து ஏழாவது கிழமை.

முதல் நாள்: கோப்பும் ஆளும்

முன்னவரின் கடைசிக் குறிப்பு இப்படி இருந்தது: வோக்கர் பிடித்து 20 மீட்டர், இரண்டு தடவை, ஒருவரின் சிறு உதவியுடன், நல்ல ஒத்துழைப்பு. தாதியரின் கொப்பியில் அதே கிழமையில் மூன்று இடங்களில் வேறு கதை: காலையில் நடக்க மறுக்கிறார், சில வேளை குழப்பமாகப் பேசுகிறார்.

இரண்டையும் படித்துவிட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அதை ஒளிக்காமல் சொல்கிறேன். முன்னவர் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இடத்தில் குறிப்புகள் மெல்ல மெல்லப் பெருக்கும்; அதை நான் வேறு இல்லங்களில் பார்த்திருக்கிறேன். பார்த்ததை வைத்துப் பார்க்காத ஒருவரை எடைபோட்டேன்.

அறைக்குள் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்து மேசையில் மூடியிட்ட தண்ணீர்க் கோப்பை, வாய் வரை நிறைந்திருந்தது. “புதுப் பிள்ளையா? மற்றப் பிள்ளை எங்கே?” என்று கேட்டார். சொன்னேன். எழுந்து நிற்கலாமா என்று கேட்டதும், “காலையில் என்னால் ஏலாது பிள்ளை, உலகம் சுற்றும்” என்றார். அருகில் நின்ற பணிப்பெண் ஹட்டன் பக்கத்தவர், கெட்டிக்காரி. “தினமும் இதைத்தான் சொல்வார், மிஸ். நாங்கள் கொஞ்சம் அதட்டித்தான் எழுப்ப வேண்டும்” என்றார் தணிந்த குரலில்.

அதட்டுவதற்கு முன் குருதியமுக்கத்தை அளந்தேன். படுத்த நிலையில் ஐந்து நிமிடத்தின் பின் 138/76. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தின் பின் 122/70. நின்று ஒரு நிமிடத்தில் 108/64. மூன்றாவது நிமிடத்தை எட்ட முடியவில்லை. முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை பொடித்தது. உட்கார வைத்துவிட்டேன். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அது நிலைசார் குருதியமுக்க வீழ்ச்சி. இவருக்கு மேலே 30, கீழே 12.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் கொப்பியில் ‘குழப்பம்’ என்று எழுதியிருக்கிறார்கள். “இது என்னுடைய வோக்கர் இல்லை. இரண்டு இஞ்சி உயரம் கூட.” பணிப்பெண் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் வோக்கரைக் கட்டிலருகே இழுத்தேன். கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடித்தால் முழங்கை பதினைந்திலிருந்து முப்பது பாகைக்குள் மடிய வேண்டும். இவர் சிறிய உருவம், ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பிடி மணிக்கட்டுக்கு மேலே நின்றது, தோள்கள் காதை நோக்கி ஏறியிருந்தன. கால்களில் உள்ள துளைகள் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். இரண்டு துளை இறக்கியதும் சரியாக வந்தது. நாற்பது வருடம் அளவு நாடா பிடித்தவர் கண்ணால் சொன்ன இரண்டு இஞ்சி, நான் நாடா வைத்துப் பார்த்தபோதும் இரண்டு இஞ்சிதான். ஒரு காலின் அடியிலிருந்த இறப்பர் தேய்ந்து உள்ளே உலோக வளையம் தெரிந்தது. அந்தக் காலால்தான் குளியலறைத் தரையில் ஊன்றியிருப்பார்.

விசாரித்ததில் காரணம் எளிதாகவே கிடைத்தது. நிலம் துடைக்கும்போது எல்லோருடைய வோக்கர்களையும் விறாந்தையில் வரிசையாக வைப்பார்கள். திரும்பிக் கொடுக்கும்போது கைக்கு வந்தது ஆளுக்குப் போகும். எல்லாம் ஒரே அலுமினியம், ஒரே சாம்பல் நிறப் பிடி. இவருடையது மூன்று அறை தள்ளி ஓர் உயரமான ஐயாவிடம் இருந்தது. அவர் கூனிக்கொண்டு நடந்தார். வயதுக்குக் கூனுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மருந்துப் பட்டியலில் அமுக்கத்துக்கு இரண்டு குளிசைகள். அவற்றில் ஒன்று சிறுநீரை அதிகம் கழிக்கச் செய்வது. இரண்டும் காலை ஏழரைக்கு. சத்திரசிகிச்சைக்குப் பின் வலிக்காகத் தொடங்கிய திரமடோல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூடிய தண்ணீர்க் கோப்பையைப் பற்றிக் கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்: தண்ணீர் குடித்தால் மலசலகூடம் போக வேண்டும், மணி அடித்தால் பிள்ளைகள் வரச் சுணங்கும், அதனால் மத்தியானம் வரை குடிப்பதில்லை.

அன்று எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

அன்று அவரை நடத்தவில்லை. கட்டிலிலும் கதிரையிலும் செய்யும் பயிற்சிகளை மட்டும் கொடுத்தேன்: எழும்புவதற்கு முன் பாதத்தை முப்பது தடவை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலை நீட்டிப் பிடிப்பது, உயர்ந்த கதிரையிலிருந்து கைப்பிடியை ஊன்றி அரைவாசி எழும்பி அமர்வது. காலை வேளையில், வைத்தியர் பார்க்கும் வரை, ஒருவர் துணையோடு கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். மருந்தை மாற்றுவது என் அதிகாரத்தில் இல்லை. அளவுகளை எழுதி, வெள்ளிக்கிழமை வரும் வைத்தியருக்கு ஒரு கடிதம் வைத்தேன்.

காரணம் சிக்கலானதல்ல. நின்று ஒரு நிமிடத்தில் வெளிறுபவரை இருபது மீட்டர் நடத்தினால் அவர் எந்த இடத்தில் விழுவார் என்பது மட்டும்தான் தெரியாமல் இருக்கும். புதிய மூட்டோடு விழுவது பழைய மூட்டோடு விழுவதைவிட மோசம்.

முகாமைத்துவப் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நடக்கவில்லை என்றால் மகனுக்கு எப்படிப் பில் அனுப்புவது என்று கேட்டார்கள். மதிப்பீடு என்று எழுதி அனுப்புங்கள் என்றேன். பிறகு மகனே அழைத்தார். அவருக்கு அப்போது நள்ளிரவு. கோபம் இல்லை, கவலைதான். “போன மாதம் வீடியோவில் அம்மா நடந்தாரே, இப்போது ஏன் இல்லை?” அந்த வீடியோ எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டிருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிருக்காது. நான் கேட்கவில்லை. குருதியமுக்கத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி, கோப்பில் வைத்து, கோப்பை மேற்றனின் அறையில் வைத்துவிட்டு, ஒரு மணி வேலைக்காக 100 ஆம் இலக்க பஸ் பிடித்தேன். ஹட்டன் பெண்ணுக்கு வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியாழன் நான் வரும்வரை சொன்னபடியே செய்திருந்தார். வியாழக்கிழமை படுத்து 136, நின்று 112. மூன்று நிமிடம் நிற்க முடிந்தது. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வைத்தியர் வரவில்லை. பௌத்தர்களின் வெசாக் பண்டிகை விடுமுறை.

வெசாக் வாரம்

வெசாக் விடுமுறை இரண்டு நாள். சனி ஞாயிறோடு சேர்ந்ததும் பணிப்பெண்கள் பலர் ஊருக்குப் போனார்கள், ஹட்டன் பெண்ணும்தான். முகவர் மூலம் இரண்டு பேர் தற்காலிகமாக வந்தார்கள். அந்த இல்லத்தில் மாற்று ஆள் நான் ஒருத்திதான் என்ற எண்ணம் எனக்கு. அந்தக் கிழமை கிட்டத்தட்ட எல்லோருமே மாற்று ஆட்கள்.

புதிதாக வந்தவர்களில் ஒருவர் பத்தொன்பது வயதுச் சிங்களப் பெண். பொறுப்பானவர். அறைச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். முன்னவர் ஒட்டிவைத்த தாள் அங்கே இருந்தது: பெரிய எழுத்தில், சிங்களத்திலும் தமிழிலும், ஒரு வோக்கர் படத்தோடு, ‘நாளுக்கு இரண்டு தடவை 20 மீட்டர் நடை’. அருமையான தாள். யாருக்கும் புரியும். நான் அதைக் கழற்றவில்லை. என்னுடைய சரியான அறிவுறுத்தல், அவர் வாசிக்காத மொழியில், அவர் நுழையாத அறையில், அவர் திறக்காத கோப்பில் இருந்தது.

காலை ஏழரைக்குக் குளிசைகள். எட்டு மணிக்குச் சுடுநீரில் குளிப்பாட்டினார். சுடுநீர் தோலின் குருதிக் குழாய்களை விரிக்கும். ஏற்கெனவே இறங்கப் பார்க்கும் அமுக்கம் இன்னும் இறங்கும். எட்டேகாலுக்கு, தாளில் சொன்னபடி, நடத்தினார். குளியலறைக் கதவைத் தாண்டி நாலைந்து அடி. முதியவரின் முழங்கால்கள் மடிந்தன. அந்தப் பெண் பின்னாலிருந்து அக்குளுக்குள் கைகொடுத்து, தானும் சேர்ந்து உட்கார்ந்து, அவரைத் தன் மடியில் இறக்கினார். தலை எங்கும் அடிபடவில்லை. யாரும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றும் எனக்கு வியப்பு.

எட்டு நாற்பதுக்கு எனக்கு அழைப்பு வந்தது. தெஹிவளையில் வீட்டில் இருந்தேன். தூக்க வேண்டாம், காலை மடக்க வேண்டாம், தலையணை வைத்து அப்படியே படுக்கவிடுங்கள், கால்களின் நீளத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பின்புறத்தால் செய்த மூட்டு நழுவினால் கால் குட்டையாகி உட்பக்கம் திரும்பும். எலும்பு முறிந்தால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பும். இரண்டும் இல்லை. ஆனாலும் கவட்டில் வலி இருந்ததால் 1990 என்ற அவசர அம்புலன்ஸ் எண்ணை அழைக்கச் சொன்னேன். சுவசெரிய அம்புலன்ஸ் எனக்கு முன்னரே வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவும் இல்லை, நழுவலும் இல்லை. பின்னேரம் திரும்பி வந்தார்.

அன்று அந்த இல்லத்தில் நான் பிடிவாதமாக நின்ற ஒரே விடயம் ஒரு சொல். சம்பவப் புத்தகத்தில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். ‘குளித்தபின் நடக்கையில் மயக்கம் வந்து, பணிப்பெண்ணால் தரையில் இறக்கப்பட்டார்’ என்று மாற்றச் சொன்னேன். மேற்றனுக்கு அது பிடிக்கவில்லை. விசாரணை வரும் என்று பயந்தார். வழுக்கினார் என்று எழுதினால் ஓர் இறப்பர் விரிப்பு வாங்குவார்கள், அத்தோடு கதை முடிந்துவிடும். மயக்கம் என்று எழுதினால்தான் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அரை மணி நேரம் பேசிய பின் மாற்றினார். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை வேலையிலிருந்து அனுப்ப இருந்தார்கள். சுவரில் இருந்ததைத்தான் அவர் செய்தார், சுவரைத் திருத்தாதது நான் என்று எழுத்தில் கொடுத்தேன். அனுப்பவில்லை.

தொலைபேசி அழைப்பு

அன்று இரவு வேலை முடிந்து, கைப்பையில் கிடந்த துண்டை எடுத்து முன்னவரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “காலையிலா நடத்தினார்கள்? நான் காலையில் அவரை நடத்தியதே இல்லையே” என்றார்.

அவர் வந்தது மாலை நாலரைக்கு. அந்த நேரத்தைத் தெரிவுசெய்தது மகன். கொழும்பில் நாலரை என்றால், மே மாதத்தில், ரொறன்ரோவில் காலை ஏழு. வேலைக்குப் போகும் முன் அம்மா நடப்பதை வீடியோ அழைப்பில் பார்ப்பார். மாலையில் குளிசையின் உச்சம் தாண்டியிருக்கும், மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீர் குடித்திருப்பார், பகல் முழுக்கக் கதிரையில் நிமிர்ந்து இருந்திருப்பார். நிலைசார் வீழ்ச்சி பொதுவாகக் காலையில்தான் மோசமாக இருக்கும். இருபது மீட்டர், இரண்டு தடவை, நல்ல ஒத்துழைப்பு: ஒவ்வொரு சொல்லும் உண்மை. காலையில் நடக்க மறுக்கிறார் என்று தாதி எழுதியதும் உண்மை. பொய் எழுதியவர் யாரும் இல்லை. முன்னவரின் குறிப்புகளில் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி இருந்தது. நேரம் ஒன்றில்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால், நான் எழுதிய இரண்டு குறிப்புகளிலும் இல்லை.

காலையில் தன்னால் முடியாது என்று முதல் நிமிடத்திலேயே அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. காலையில் என்ற சொல்லை நான் கேட்டேன், கணக்கில் எடுக்கவில்லை.

திருத்தியவை

அடுத்த செவ்வாய்க்கிழமை வைத்தியர் தனியாக வந்து பார்த்தார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, குறைவு. இரும்புச்சத்துக் குளிசை தொடங்கினார். சிறுநீர் கழிக்கச் செய்யும் குளிசையை நிறுத்தினார், மற்ற அமுக்கக் குளிசையை இரவுக்கு மாற்றினார், திரமடோலை நிறுத்திப் பரசிற்றமோல் போதும் என்றார். இருதயமும் சிறுநீரகமும் சரியாக இருப்பதால் தண்ணீரைக் கூட்டலாம் என்றும் சொன்னார். இவை எல்லாவற்றையும் ஒரே கிழமையில் மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இடைவெளி விட்டுச் செய்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்காக ஒருவரைக் கிழமைக்கணக்கில் மயங்கவிடவும் முடியாது.

தண்ணீர் விடயம் மருந்தைவிடக் கடினமாக இருந்தது. குடியுங்கள் என்று சொன்னால் குடிக்க மாட்டார், ஏனென்றால் அவருடைய கணக்கு சரியானது: மணி அடித்தால் யாரும் உடனே வருவதில்லை. ஆகவே பணிப்பெண்கள் கேட்காமலே வரும் நேரங்களை வைத்தோம். ஆறரை, ஒன்பது, பதினொன்றரை, இப்படி. யாராவது வருவார்கள் என்பது நிச்சயமானதும் ஒரு கிழமைக்குள் கோப்பை காலியாகத் தொடங்கியது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அட்டவணையைப் பணிப்பெண்கள் ஒத்துக்கொள்ளவைக்க மேற்றன் மூன்று நாள் பேச வேண்டியிருந்தது. ஒருவருக்குச் செய்தால் பதினெட்டுப் பேரும் கேட்பார்கள் என்றார்கள். கேட்டார்கள்தான்.

சுவர்த் தாளை அவருடைய அறையிலிருந்து கழற்றி, நானே புதிதாக எழுதினேன். தமிழ் என் கையெழுத்து. சிங்களத்தை அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் எழுதித் தந்தார், என் சிங்களம் பேச்சுக்கு மட்டும்தான் உதவும். தாள் காலை என்றும் மாலை என்றும் இரண்டு பாதி. காலைப் பாதியில்: தண்ணீர் ஒரு கோப்பை, பாதம் ஆட்டுவது, இரண்டு நிமிடம் உட்காருவது, நின்று நூறு எண்ணுவது, பிறகு கதிரை. குளித்தபின் நடை இல்லை. மாலைப் பாதியில்: நடை. கீழே ஒரு கட்டம்: யார் எழுதியது, எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்து எழுதியது, எந்த நாள் வரை செல்லும். பாற்பைக்கற்றில் முடிவுத் திகதி போடுகிறார்கள், நடைக்கும் போடலாம் என்று மேற்றனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வோக்கர் பிரச்சினையை முதியவரே தீர்த்தார். தன் பெட்டியிலிருந்து ஒரு பச்சைத் துணித் துண்டை எடுத்து, பிடியைச் சுற்றி, சிறு தையலாகத் தைத்துக் கட்டினார். கழற்ற வேண்டும் என்றால் கத்தரிக்கோல் வேண்டும். சரியான துளைகளுக்குப் பக்கத்தில் நான் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.

விளைவு

உடல் விரைவாகத் திரும்பியது, மனம் அப்படியல்ல. குளியலறை வாசலைத் தாண்டும்போது அவருடைய விரல்கள் பிடியில் வெளுக்கும். பெருவிரல் நகத்தடி வரை இரத்தம் வடிந்த வெள்ளை. ஒரு கிழமை முழுக்க அந்த வாசலுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, அதில் உட்கார்ந்து எழும்புவதையே பயிற்சியாகச் செய்தோம். அவசரப்படுத்தவில்லை. மகனுக்கு வீடியோவில் அது சுவாரசியமாக இருந்திருக்காது. அம்மா கதிரையில் உட்காருகிறார், எழும்புகிறார், உட்காருகிறார். ஆனால் அவர் தினமும் பார்த்தார்.

ஐந்தாவது கிழமை முடிவில், காலை ஒன்பதரைக்கு, படுத்து 142/78, நின்று மூன்று நிமிடத்தில் 128/74. மயக்கம் இல்லை. படுத்த அளவு சற்று ஏறியதை வைத்தியர் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் சோதனையைச் சம்பவத்துக்குப் பத்து நாளின் பின் முதன்முதலில் எடுத்தேன்: 48 விநாடி. நான் விடைபெற்ற கிழமையில் 29 விநாடி. மாலையில் விறாந்தை முனை வரை போய்க் கடற்கரை ரயில் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். துணைக்கு ஒருவர் பக்கத்தில், கை படாமல்.

எல்லாம் நிறைவேறவில்லை. படியேறப் பழக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, யாழ்ப்பாண வீட்டுக்கு முன்னால் நான்கு படி. தொடங்கினோம், இரண்டாவது படியில் நின்றது. நேரம் போதவில்லை; பயமும் போகவில்லை.

உயரமான ஐயாவுக்குத் தன் வோக்கர் திரும்பக் கிடைத்தது. கூன் பாதி நிமிர்ந்தது. மீதிப் பாதி வயதுதான்.

மறுபடியும் செய்தால்

முதல் நாளுக்கு முதல் இரவே முன்னவரை அழைப்பேன். பத்து நிமிடப் பேச்சு. அதற்கு யாரும் கூலி தர மாட்டார்கள் என்பதால்தான் நான் செய்யவில்லை. வேறு காரணம் சொன்னால் பொய். இப்போது புதிய இல்லம் அழைத்தால், கைமாற்ற அழைப்புக்கும் சேர்த்து ஒரு வருகைக் கூலி கேட்கிறேன். இரண்டு இடங்கள் ஒத்துக்கொண்டன, ஓர் இடம் வேறு ஆளைத் தேடிக்கொண்டது.

கோப்புக்கு முன் சுவரைப் பார்ப்பேன். நான் இல்லாத ஐந்து நாளும் அந்த முதியவரைத் தொடுகிறவர்கள் சுவரைத்தான் வாசிக்கிறார்கள். பழைய தாள் என் முடிவுக்கு மாறாக இருந்தால், குறிப்பு எழுதும் முன் அதைக் கழற்றுவேன்.

வைத்தியருக்கு வைத்த கடிதம் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தது. விடுமுறைப் பட்டியல் என் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. அந்த அளவுகளை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமையே தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும். கடிதம் வைப்பது மாற்று ஆளுக்கு வசதியான வழி: கடமை முடிந்தது போலத் தோன்றும், யாரையும் தொந்தரவு செய்ததாகவும் இராது.

முதல் வருகையில் எழும்பி நடக்கும் சோதனையை எடுக்காதது சரி. ஆனால் ஓர் அடிப்படை அளவாவது வைத்திருக்கலாம். முப்பது விநாடியில் கதிரையிலிருந்து எத்தனை தடவை அரைவாசி எழும்புகிறார் என்பதைக்கூட எண்ணவில்லை. அதனால் சம்பவத்துக்கு முன் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. முன்னேற்றத்தைப் பற்றி நான் மேலே சொன்னது விழுந்த இடத்திலிருந்து எண்ணியது.

நடத்தாத நாளுக்கு எப்படிப் பில் போடுவது என்ற கேள்வி அந்த இல்லத்தில் இன்னும் தீரவில்லை. தலைக்குக் கூலி என்றிருக்கும்வரை தீரவும் தீராது. ஒரு நாள் நடத்தாமல் விட்டதுதான் நான் அங்கே செய்த மிகச் சரியான வேலை. பில்லில் அது ‘மதிப்பீடு’ என்ற ஒரு வரியாகப் போனது, அதிலும் விலைக்கழிவு கேட்டார்கள்.

முன்னவர் விடுமுறை முடிந்து வந்த நாளில் நானும் போனேன், இந்த முறை கூலியில்லாமல். இருவரும் ஒன்றாக நின்று நால்வரையும் பார்த்தோம். விறாந்தையில் நிலம் துடைத்து முடிந்திருந்தது. பதினொரு வோக்கர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் பிடியிலும் ஒவ்வொரு நிறத் துணி, எல்லாம் ஒரே கையின் சிறு தையல். உயரமான ஐயாவுக்கு மண்ணிறம் கிடைத்திருந்தது. நீலம் வேண்டும் என்று அவர் இன்னும் வழக்காடிக்கொண்டிருந்தார்.